காசிக்குப் போகிறேன் என்று சொன்ன வாய்

காசிக்குப் போகிறேன் என்று ஒரு ஆண்பிள்ளை சொன்னால் யாராவது ஓடிவந்து தடுப்பார்கள் என்று நாற்பத்தாறு வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கல்யாணத்தில் பிடித்த நம்பிக்கை அது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை குடையும் தடியுமாக, சம்சாரமே வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று தெருவில் இறங்கி நடக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் பின்னாலேயே வந்து, பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போவார். நான் பத்து வீடு தூரம் நடந்தேன். மாமனார் வந்தார். திரும்பினேன். இலை போட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன புரியும்? முறைத்துக்கொண்டு கிளம்பினால் உலகம் கூப்பிட்டுப் பாயசம் ஊற்றும் என்றுதான் புரியும். பிறகு திருவிதாங்கூரில் வக்கீலாகி, ஊரார் மூளைக்கெல்லாம் யோசனை சொல்லிப் பிழைத்தேன். என் மூளையில் மட்டும் அந்தப் பத்து வீடு தூரம் அப்படியே இருந்தது.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது. ஆனாலும் சொல்கிறேன். என் மனைவிக்குத் தாயும் தகப்பனும் போனபிறகு மிஞ்சிய ஒரே உறவு அவள் தம்பி. எங்களோடுதான் இருந்தான். மூன்று தடவை பி.ஏ. எழுதினான், மூன்று தடவையும் தவறியது. ஒருநாள் என் கட்சிக்காரர்கள் ஆறேழு பேர் முன் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் தோற்றுவிடுமோ என்று ஒருவர் புலம்பினார். அப்போது மச்சினன் அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்தான். என் நாக்கு சும்மா இருக்குமா?

"தோக்கறதைப் பத்திக் கவலைப்படாதேயும். அதுக்குன்னே ஆத்திலே ஒருத்தரை வச்சிருக்கேன். மூணு தடவை தோத்தவர். சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு ஜில்லா ஜட்ஜி பதவி கிடைத்த மாதிரி இருந்தது. அவன் கடைசி டம்ளரைக் கீழே வைத்தான். "நன்னாயிருக்கு அத்திம்பேர்" என்றான். சாயங்காலம் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டான். பிறகு நாக்பூரிலிருந்து அக்காவுக்குக் கார்டு வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஏழு வருஷம் அவன் வரவில்லை, அவளை நான் அங்கே அழைத்துப் போகவுமில்லை. ஒவ்வொரு கோடைக்கும் என்னிடம் ஒரு சாக்கு தயாராக இருந்தது. அதில் நான் நல்ல வக்கீல்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடையில் ஒரு கார்டு வந்தது. ஆப்பிரிக்காவில், மொம்பாஸாவில் வேலை கிடைத்திருக்கிறது, மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்கால மெயிலில் பம்பாய்க்குக் கிளம்புகிறேன், ஞாயிறு விடியற்காலம் கப்பல், அதற்குமுன் அக்காவைப் பார்க்க முடிந்தால் நல்லது என்று எழுதியிருந்தான்.

என் மனைவி கார்டை என் மடியில் போட்டாள்.

"ரயில்ல கூட்டிண்டு போங்கோ."

"மே மாசம் நாக்பூரா? மனுஷன் வெந்துடுவான்."

"ஏழு வருஷமா அவன் அங்கேதானே இருக்கான். வெந்தா போயிட்டான்?"

"கோர்ட் லீவிலேதான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு."

"வருஷம் பூராவும் வாய்க்கு மட்டுந்தானே வேலை? அதை இங்கே வச்சுட்டு வாங்கோ."

எனக்குச் சுரீரென்றது. வெயில், புழுக்கம், உள்ளே ஏழு வருஷத்துக் குற்றம் வேறு. எழுந்து நின்று கத்தினேன். "இந்த ஆத்திலே மனுஷன் இருக்க முடியாது! காசிக்குப் போறேன்! காரிலே போறேன்! ஒருத்தரும் என்னைத் தேட வேண்டாம்!"

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தலையில் கட்டிவிட்டுப் போன நாலு சிலிண்டர் வண்டி. அதில் நான் போன அதிகபட்ச தூரம் எங்கள் ஊர்ச் சங்குமுகம் கடற்கரை. அதுவும் எதிரே மாட்டுவண்டி வந்தால் நிறுத்திவிட்டு, அது போகும்வரை கண்ணை மூடிக்கொள்வேன்.

கத்திவிட்டு வாசல்வரை போனேன். மெதுவாகத்தான் போனேன், தடுப்பதற்கு அவகாசம் கொடுத்து. பின்னால் அவள் குரல் வந்தது.

"ஆட்டே, ஆகட்டும். காசிக்கு நாக்பூர் வழியாத்தானே போகணும்? நானும் வரேன். என்னிக்குப் புறப்படறோம்?"

அவள் தடுக்காவிட்டால் ஊர் தடுக்கும் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சாலைக் கடைத்தெருவில் என் கட்சிக்காரரான அரிசி வியாபாரியிடம், வழியில் கொள்ளைக்காரர்கள் உண்டாம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னேன். "ஒரு சொம்பு கங்கைத் தண்ணி எனக்கு, சாமி. எங்க அண்ணாச்சிக்கு ஒண்ணு" என்றார். ஆரியசாலையில் இன்னொருவர் நாலு சொம்பு கேட்டார். கோர்ட்டில் மூத்த வக்கீல் ஒருவர் என் முதுகில் தட்டி, "தைரியசாலியாணு கேட்டோ!" என்று மலையாளத்தில் பத்துப் பேருக்குச் சொன்னார். ஒரு பாவிகூட 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. இத்தனை பேர் என்னை ஊரைவிட்டு அனுப்ப இவ்வளவு ஆசையாக இருந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

கடைசி நம்பிக்கை ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடி. திருவிதாங்கூர் எல்லை அங்கே முடிகிறது. அதிகாரி காரைச் சுற்றி வந்தார், பெட்டியைத் திறந்தார், ஸ்டவ்வையும் அப்பள டப்பாவையும் பார்த்தார், சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"நன்னாப் பாருங்கோ. இந்தக் கையெழுத்து சரியில்லைன்னு தோணறது" என்றேன்.

"அது என் கையெழுத்துதான் ஸாரே. இப்பத்தான் போட்டது. போயிட்டு வரணும்."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திருநெல்வேலி, மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத். ஊர்களின் பெயரைச் சொன்னால் நான் பார்த்த மாதிரி இருக்கும். நான் பார்த்தது ரேடியேட்டர் மூடியைத்தான். எட்டு மைலுக்கு ஒருமுறை கொதித்தது. நானும் கொதித்தேன். இரண்டாம் நாளே எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. அவள் சொல்ல வேண்டியதைக் காரிடம் சொல்வாள். "இந்தக் காருக்கு எருமை மாடுன்னா என்னன்னு தெரியாது போலிருக்கு." நானும் காரிடமே பதில் சொல்வேன். "எருமை நகரலைன்னா கார் என்ன பண்ணும்?" அந்த வண்டி எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு ஓடியதே பெரிய காரியம்.

சத்திரம் சத்திரமாகத் தங்கினோம். அவள் மரத்தடியில் ஸ்டவ் மூட்டிச் சாதம் வடிப்பாள், நான் டயருக்குக் காற்று அடிப்பேன். ராத்திரி அவள் காலண்டர்த் தாளில் விரல் வைத்து எண்ணுவாள். புதன்கிழமை நாக்பூர் சேர்வோம், தம்பியோடு இரண்டரை நாள் இருக்கலாம் என்பது அவள் கணக்கு. கிளம்புமுன்பே அவனுக்கும் அப்படித்தான் கார்டு போட்டிருந்தாள். அந்த இரண்டரை நாளை நினைத்தால்தான் எனக்குப் பயம். அவன் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை என்ன சொல்வது? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுப் பழகினேன். மூன்றாவது வார்த்தையிலேயே அது ஒரு வேடிக்கைப் பேச்சாகத் திரும்பிவிடும். இந்த வாயை என்ன செய்வது?

திங்கள்கிழமை ராத்திரி, ஹைதராபாத்துக்கு வடக்கே நிர்மல் என்ற ஊரைத் தாண்டி ஒரு பயணிகள் பங்களாவில் தங்கினோம். செவ்வாய்க்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். நான் எஞ்சின் மூடியைத் திறந்து நாலு பிளக் ஒயரையும் பிடுங்கினேன். ஒரே ஒரு நாள் தாமதம், அதுதான் எண்ணம். இரண்டரை நாள் ஒன்றரை நாளாகும், மச்சினனோடு எதிரும் புதிருமாக உட்கார வேண்டிய நேரம் அந்த அளவுக்குக் குறையும். சாயங்காலம் திரும்ப மாட்டிவிட்டு, நானே பழுது பார்த்துவிட்டேன் என்று மார்தட்டலாம். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் மாட்டினேன். எந்த ஒயர் எந்த பிளக்குக்கு என்று பார்த்து வைக்கவில்லை. நாலும் ஒன்றுபோல் கறுப்பாக இருந்தன. எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முன்பக்கம் போட்டுச் சுற்றினேன். டப்பென்று வெடித்தது. காக்கை பறந்தது. மாற்றி மாட்டினேன். மறுபடி டப். புதன்கிழமை முழுவதும் மாட்டினேன், கழற்றினேன், சுற்றினேன். உள்ளங்கை தோலுரிந்தது. வேர்வையில் என் குடுமி அவிழ்ந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் பங்களா வாசலில் நின்று சாலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் பிடுங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பஸ்ஸோ வண்டியோ பார்த்துப் போயிருப்பாள். சொல்லவில்லை. "இதோ, இந்தத் தடவை கிளம்பிடும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு லாரி வந்தது. டிரைவர் வேலூர்க்காரர். எங்கள் தமிழைக் கேட்டதும் இறங்கி வந்தார். எஞ்சினுக்குள் தலையை நீட்டினார், ஒயரை மாற்றினார், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"வண்டியிலே ஒண்ணும் கோளாறு இல்லீங்கம்மா. யாரோ நாலையும் கழட்டிட்டு மாத்தி மாட்டியிருக்காங்க. தானா கழண்டுக்காது" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அவள் பத்து நாளாகக் காரிடம் பேசியவள், இப்போது என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே?"

"புலி கிலி இருக்குமோன்னு... ராத்திரிப் பயணம் வேண்டாம்னு..."

"புலியா? அவனுக்குப் பயந்துண்டு. இல்லையா?"

நான் கைப்பிடியை எடுத்துக் காருக்குள் வைத்தேன்.

"ஆறு பேர் முன்னாடி அவனைச் சொல்லும்போது பயமில்லை. ஒரு வார்த்தை, தப்புடா குழந்தேன்னு சொல்றதுக்கு இவ்வளவு பயமா? நான் அப்பவும் சிரிக்கலை, ஓர்மை இருக்கட்டும். காப்பி கலந்து குடுத்ததே நான்தான். வண்டியிலே ஏறுங்கோ."

ஏறினேன். அன்று ஓட்டிய மாதிரி நான் முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. மாட்டுவண்டிக்கு நிறுத்தவில்லை, கண்ணை மூடவில்லை. கொதிக்கிற ரேடியேட்டரில் எங்கள் குடிதண்ணீரை ஊற்றினேன். வெள்ளிக்கிழமை காலை ஓர் ஆற்றின் குறுக்கே மணலில் வண்டி அச்சுவரை புதைந்தது. மாடு கட்டி இழுக்க ஊருக்குள் ஆள் அனுப்பினோம். முதல் ஜோடி மாடு வரும்போது உச்சிவெயில், கரையேறும்போது இருட்டிக்கொண்டு வந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுடுமணலில் நின்று பின்பக்கத்தைத் தள்ளினாள். "தள்ளாதே, காலைச் சுடும்" என்றேன். "என்னோட பேசாதீங்கோ" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாக்பூரில் அவன் குடியிருந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவில் பூட்டு. வீட்டுக்காரப் பெரியவர் மராத்திக்காரர், எனக்குப் புரிகிற இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். அதில் ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்து அவன் வாசலிலேயே நின்றிருந்தான். மூன்று நாளும் மூன்று பேருக்குச் சமைத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பார்த்துவிட்டு மெயிலுக்குப் போய்விட்டான். எங்களுக்கு அடுத்த மெயில் சனிக்கிழமை சாயங்காலம்தான், அது பம்பாய் சேரும்போது கப்பல் போயிருக்கும். அவன் மொம்பாஸாவிலிருந்து திரும்பி வரவேயில்லை, அவள் தம்பியை மறுபடி பார்க்கவில்லை.