சனிக்கிழமைச் சூடு

லெம்பி ஹார்யுவுக்கு அணில்கள் மேல் பிரியம் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். பிரியம் காட்டாததால்தான் அவளிடம் அவை பிழைத்தன. மரம் வெட்டும்போது கூட்டோடு விழுந்த குட்டிகளை இலையுதிர் காலத்தில் அவளிடம் கொண்டுவந்து கொடுப்போம். அவள் பால் புகட்டி, பல் முளைத்ததும், பனி இறுகுவதற்குள் கொல்லைக் கூண்டுக்கு மாற்றிவிடுவாள். அதன்பின் ஒன்றுக்கும் வீட்டுக்குள் இடமில்லை. சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியே காலம் கழித்தவள் அவள். குளிரிடம் கெஞ்சி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கூண்டின் மூன்று பக்கமும் தார்ப்பாய். உள்ளே இரண்டு மரப்பெட்டிகள், காற்றுக்கு முதுகு காட்டி. அவற்றில் காய்ந்த இலையும் நூல் பிரியாத துணிக் கீற்றுகளும் திணித்திருப்பாள். குளியல் துண்டு வைத்தால் நகம் நூலில் மாட்டிக் கால் அழுகிவிடும். மின்சாரச் சூடு கிடையாது. குளிர் பட்டால்தான் மயிர் அடர்த்தியாக வளரும். மற்றபடி ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு படுப்பதுதான் அவற்றுக்கு அடுப்பு.

அந்த வருஷம் நான்கு குட்டிகள். அதே இலையுதிர் காலத்தில்தான் புருஷனைப் பறிகொடுத்த தங்கை இர்யாவும் லெம்பியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான்கில் சின்னது எப்போதும் குவியலின் ஓரத்தில் கிடந்து நடுங்கும். இர்யா ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் லெம்பியின் சானா என்னும் ஆவிக் குளியல் குடிலில் விறகு எரியும். சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வியர்க்க அக்கம்பக்கத்தில் எல்லோரும் போவோம். பக்கத்து வீட்டு ரெய்னோ கூண்டைத் தாண்டும்போதெல்லாம் நின்று பார்ப்பான். அணில் வேட்டைக்குப் போகிறவன்.

"எல்லாம் நல்லா கொழுத்திருக்கு லெம்பி. வசந்தம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கே? சட்டிக்கு இப்பவே சரியா இருக்கும்."

"உன் மூஞ்சியக் கண்டா ஓடுறதுக்குத்தான் வளர்க்கிறேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே ஓடுறாங்க?"

ஒரு சனிக்கிழமை நாங்கள் குளித்துக் கிளம்பிய பிறகு, மறந்து வைத்த வாளியை எடுக்க லெம்பி திரும்பிப் போனாள். என் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டு நானும் வாசலில்தான் இருந்தேன். அணையாத கல்லடுப்புக்கு எதிரே இர்யா உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கிப் பைக்குள்ளிருந்து சின்ன அணிலின் தலை எட்டிப் பார்த்தது. மயிரெல்லாம் ஆவியில் நனைந்து ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"சனிக்கிழமை மட்டும்தான் அக்கா. இங்க சூடு சும்மாதானே போகுது."

வாரக்கணக்கில் அதன் காதில் ஏன் கடிக்காயம் என்று லெம்பிக்கு அப்போதுதான் புரிந்தது. சோப்பும் புகையுமாக வாசனை அடித்துக்கொண்டு திரும்பிய குட்டியை மற்ற மூன்றும் அந்நியமாக நினைத்துத் துரத்தியிருக்கின்றன.

"சமையலறையில ஒரு பெட்டி போட்டா போதும் அக்கா. நான் பார்த்துக்கிறேன்."

"பார்த்துக்கிட்டு? மே மாசம் திறந்து விட்டா அது யார் காலைக் கண்டாலும் ஏறும். ரெய்னோ காலையும் சேர்த்து."

"இது ஈரமா இருக்கு. காயட்டும், அதுக்கப்புறமாவது விடலாம்."

"காய்ஞ்சா இன்னும் ஒரு ராத்திரி கேப்பே. எனக்குத் தெரியாதா உன்னை? உன் புருஷன் ஆர்வோ நெஞ்சு வலிக்குதுன்னப்போ ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணாம, காப்பி போட்டுக் குடுத்து மடியில படுக்க வச்சவதானே நீ? கொஞ்சியே கொன்னே அவனை. எந்திரி. உன் கையாலேயே கொண்டு போய் வை."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக் கூண்டு விஷயத்தில் யாரும் தலையிடமாட்டோம்.

இர்யா கொண்டுபோய் வைத்தாள். குட்டி பெட்டிக்குள் தலையை நுழைத்தது. உள்ளே கீச்சென்று சண்டை. அது வெளியே விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. கடைசியில் காலியாகக் கிடந்த அடுத்த பெட்டிக்குள் போனது.

ஞாயிறு காலை லெம்பி பெட்டியைத் திறந்து தங்கையைக் கூப்பிட்டாள்.

"தொட்டுப் பாரு."

இர்யா தொட்டாள். மயிர் நுனிகள் உறைந்து முள் போல நின்றன. வாலால் மூக்கை மூடியபடியே விறைத்திருந்தது. மண் கல்லாக இறுகிவிட்டதால் புதைக்க வழியில்லை. லெம்பி அதை வேலிக்கு அப்பால் வீசினாள்.

"அண்டங்காக்காய்க்காவது ஆகட்டும்."

மே மாதம் கூண்டைத் திறந்தாள். மூன்றும் பாய்ந்து போய் மரக்கிளையில் நின்று எங்களைத் திட்டின. ரெய்னோவைக் கண்டு இன்னும் உயரே ஏறின. லெம்பி சொன்னது அத்தனையும் சரி.

அடுத்த குளிருக்கு ஐந்து குட்டிகள் வந்தன. இனி கூண்டு தன் வேலை என்று இர்யா வாங்கிக்கொண்டாள். தீனி வைக்கும்போதெல்லாம் சட்டி மூடியைக் கம்பியில் ஓங்கித் தட்டுவாள். குட்டிகள் அலறி ஓடும். ஒரு காலை கடும் குளிரில் ஒரு குட்டி பெட்டிக்கு வெளியே ஒடுங்கிக் கிடந்தது. லெம்பி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள்.

"அதுக்கு இதைக் கொஞ்சம் வை இர்யா."

"உள்ளே தண்ணி இருக்கு."

"உறைஞ்சு போயிருக்குடி."

"நக்கட்டும்."

இர்யா ஒரு குச்சியை எடுத்து, குட்டியின் விலாவில் குத்திப் பெட்டிக்குள் தள்ளினாள். அது உள்ளே போன பிறகும், தேவையில்லாமல், இன்னொரு முறை குத்தினாள். அது கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தது.

அந்த ஐந்தும் பிழைத்தன. ஆனால் அந்தக் குச்சியைப் பார்த்த நாளிலிருந்து லெம்பி சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் முன்பே தனியாகக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். இர்யா கூண்டருகே இருந்தால் அவள் கொல்லைப் பக்கம் வருவதில்லை.