படுக்கை விரிப்பில் மருந்து வாடை

இத்தாலியின் கொமாக்கியோ காயலில், வாத்து வேட்டைக்காரர்களிடையே, ஒரெஸ்தேயின் தோட்டாவுக்குத் தனிப் பேர் இருந்தது. சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சமையலறை மேசையில் தராசை வைத்து, வெடிமருந்தை நிறுத்து, ஈயக்குண்டோடு தோட்டாவில் அடைத்து மூடுவார். பிறகு மருந்து டப்பாவை அப்படியே விட்டுவிட்டுச் சீட்டாடக் கிளம்பிவிடுவார்.

ஓர் இலையுதிர்காலத்தில் அந்தப் பேர் கெட்டது. மகளின் பிரசவத்துக்காக மனைவி திர்ச்சே பெர்ராரா நகரத்துக்குப் போயிருந்தாள். ஒரெஸ்தே தானே சோளமாவுக் களி கிண்டினார், தானே விலாங்கு வேகவைத்தார். பானையை மூட வேண்டும் என்றே தோன்றவில்லை. சுவரெல்லாம் வியர்த்தது.

வாத்துகளுக்கு மறைந்து நிற்பதற்காகக் காயலுக்குள் இறக்கிய பீப்பாயில் அவரும் கூட்டாளி குவால்த்தியேரோவும் தோள் ஒட்டி நின்றார்கள். மூடுபனியைக் கிழித்து வாத்துகள் வந்தன. ஒரெஸ்தே சுட்டார். பொத்தென்று ஒரு சத்தம். வாத்துகள் வரிசைகூடக் கலையாமல் போயின.

“என்னடா, சுட்டியா இருமினியா?”

“வாய மூடு.”

“கண்ணு போச்சுடா உனக்கு. துப்பாக்கிய எங்கிட்ட குடுத்துட்டுக் கரையில உக்காந்து விலாங்கு சுடு.”

அடுத்த வாரமும் அதே கதி. கண்தான் போய்விட்டது என்று அவரே நம்பிவிட்டார். அது அப்பாவின் துப்பாக்கி. “ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கோ” என்று குவால்த்தியேரோவிடம் சொல்லிவிட்டு வீடு வந்தார்.

சனிக்கிழமை மாலை திர்ச்சே திரும்பினாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே நின்றாள்.

“டப்பா இத்தன நாளும் இங்கயா கெடந்துச்சு?”

“எப்பவும் அங்கதான இருக்கும்?”

“இருக்கும்! நீ சீட்டாடப் போனதும் யாரு எடுத்துட்டுப் போய் பீரோவுல வச்சா? உப்பப் பாரு, பாறையாக் கெடக்கு. மருந்து மட்டும் சும்மா இருக்குமா? தண்ணியக் குடிச்சுக் கனம் காட்டும், எரிய மட்டும் எரியாது.”

தராசில் இத்தனை நாளும் தண்ணீரையும் சேர்த்தல்லவா நிறுத்திருக்கிறோம்!

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ அடுப்புல வச்சுக் காய வைப்ப. வீடு பறக்கும்.”

அவள் ஊரிலிருந்தவரை படுக்கை விரிப்பில் எப்போதும் மருந்தின் காரவாடை இருக்கும். தன் கைவாடை என்றே அவர் நினைத்திருந்தார்.

மறுநாள் துப்பாக்கியை வாங்கிப்போக வந்த குவால்த்தியேரோ வெறுங்கையோடு திரும்பினார். அதற்கடுத்த ஞாயிறு, புது மருந்துக்கு முதல் வாத்து பீப்பாயின் விளிம்பிலேயே வந்து விழுந்தது.

இப்போது திர்ச்சே இல்லை. வேட்டையும் இல்லை. ஆனாலும் களிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்னால், ஒரெஸ்தே மேசையிலிருக்கும் அந்தக் காலி மருந்து டப்பாவை எடுத்துப்போய், பீரோவில் விரிப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு வருகிறார்.