ஆயுத பூஜை வரிசையில் என் கேம் மெஷின்

புதுசா வர்ற சாமானை முதல் ஆளா வாங்கறவங்க எல்லாரும் அதைச் செஞ்ச கம்பெனிக்குச் சம்பளம் இல்லாம உழைக்கிறவங்கதான். இது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் வாங்கினேன்.

கையில வெச்சிகினு ஆடற கேம் மெஷின் அது. நடுவுல ஸ்கிரீன், ரெண்டு பக்கமும் பட்டன், கட்டைவிரலுக்கு ஒண்ணா ரெண்டு ஸ்டிக். ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் ஸ்கிரீன்ல இருக்கிறவன் நடப்பான். ஆரணிலேருந்து செய்யார் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ல போய் வர்ற நேரம் ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கிற நேரம். வீட்டுல வேலை, கம்பெனில வேலை. பஸ்ல மட்டும் என்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. அதுக்காகத்தான் வாங்கினேன், யாருக்கும் கணக்கு சொல்லணும்னு இல்ல.

வந்த முதல் வாரத்துலயே அதோட லட்சணம் தெரிஞ்சி போச்சு. காலை வெயில்ல ஸ்கிரீன்ல என் மூஞ்சிதான் தெரியும், எதிரி தெரியமாட்டான். போறப்ப ஆடினா வர்றப்ப சார்ஜ் இருக்காது. பட்டன் சத்தத்துல, என் தோள்ல சாஞ்சி தூங்கற பக்கத்து சீட்டு அக்கா எழுந்து முறைப்பாங்க. மணிக்கட்டு வலிக்குதுன்னு, மடியில பையை வெச்சி அது மேல மெஷினை வெச்சி, அதுக்கு மேல கையை வெச்சி, கைக்குழந்தையைத் தூக்கிகினு போறவ மாதிரி உக்காந்திருப்பேன்.

என்னை மாதிரி முதல்ல வாங்கினவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் இருந்துது. காலைல எழுந்ததும் யாராச்சும் ஒருத்தர் பீதியைக் கிளப்புவாங்க. என்னுதுல ஸ்குரூ லூசா இருக்குது, உங்களுதுல பாருங்கன்னு ஒருத்தர் சொன்னா, எல்லாரும் காபியை வெச்சிட்டு ஸ்குரூவைத் தடவிப் பார்ப்போம். எடை ஜாஸ்தியா இருக்குதுன்னு ஒருத்தர் காய்கறிக்கடை தராசுல வெச்சி போட்டோ அனுப்பினாரு, தராசுல ஓரமா ஒரு கத்திரிக்காயும் இருந்துது. அந்த குரூப்புல எனக்குன்னு ஒரு மரியாதை உண்டு. கேம்ல எல்லாரும் விழுந்துகினே இருந்த தொங்கு பாலத்தை முதல்ல தாண்டினது நான்தான். எப்படித் தாண்டினீங்கன்னு கேக்கறவங்களுக்குப் பொறுமையா பதில் சொல்லுவேன், உள்ளுக்குள்ள கெத்து தாங்காது.

வீட்டுல அதுக்கு மரியாதை கிடையாது. கூடத்துல தறி. வீட்டுக்காரர் நெய்வாரு, அவரோட அம்மா, எங்க அத்தை, பக்கத்துல ராட்டினத்துல நூலைக் குச்சில தாரா சுத்துவாங்க. லீவு நாள்ல நான் மெஷினை ஆன் பண்ணினா அதோட ஃபேன் கத்த ஆரம்பிக்கும். தண்ணி மோட்டாரை ஆஃப் பண்ணலியான்னு அத்தை ராட்டினத்தை நிறுத்திட்டு எழுந்து போவாங்க. இதுதான் கத்துதுன்னு தெரிஞ்ச பிறகு அதுக்குப் பேஜார் புடிச்ச பொட்டின்னு பேரு வெச்சாங்க. அதைக் கையில எடுத்தா நான் செவிடாயிடறேனாம். சண்டைன்னு சொல்ல முடியாது. ஆனா சோறு போடறப்ப கரண்டி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கேக்கும்.

ஆயுத பூஜை வந்துது. எங்க வீட்டுல அது பெரிய பண்டிகை. தறியைக் கழுவித் துடைச்சி, குறுக்கால நூல் ஓட்டற நாடா, ராட்டினம், தார்க்குச்சி எல்லாத்தையும் வரிசையா வெச்சி பூஜை போடுவோம். பூஜை போட்டதை அன்னிக்கு யாரும் தொடக்கூடாது. நான் குளிச்சிட்டு வந்து பார்க்கிறேன், நாடாவுக்கும் ராட்டினத்துக்கும் நடுவுல என் மெஷின் சாமந்திப் பூவுக்கு அடியில உக்காந்திருக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. அத்தை என்னைப் பார்க்காமலே கற்பூரத்தை ஏத்திகினு, ரெண்டு கையாலயும் தினம் புடிச்சிகினு இருக்கியே, அப்ப அதுதானே உன் ஆயுதம்னாங்க. கிண்டல்தான். ஆனா வெச்சாங்களே. கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து அந்த வரிசைல என்னுதுன்னு ஒரு சாமான் இருந்தது இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுது, கற்பூரப் புகைன்னு சொல்லி சமாளிச்சேன்.

மறுநாள் அத்தையே அதை எடுத்து, துடைச்சி, என் கையில குடுத்தாங்க. பளபளன்னு இருந்துது.

லீவு முடிஞ்சி பஸ்ல ஆன் பண்ணினேன். ஸ்டிக்கைத் தொடவே இல்ல, ஆளு தானா இடது பக்கம் நடக்கறான். வலது பக்கம் இழுத்தா வர்றான், விட்டா திரும்ப இடது பக்கம். தொங்கு பாலத்துக்குப் போனேன். நாலு எட்டு நேரா நடந்தவன், குடிகாரன் மாதிரி ஓரத்துக்குச் சாஞ்சி, ஆத்துல விழுந்தான். செய்யார் வர்ற வரைக்கும் விழுந்துகினே இருந்தான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சம் நஞ்சம் இல்ல. குரூப்புல கம்பெனிக்காரனைக் கிழி கிழின்னு கிழிச்சேன். ஸ்டிக்கு கோளாறு, மட்டமான பார்ட்ஸ், நம்ம ஊருக்குன்னா எதையாச்சும் தள்ளிடறானுங்கன்னு எழுதினேன். பாலத்தைத் தாண்டினவங்களே சொல்றாங்கன்னு குரூப்பே பதறிப் போச்சு. நல்லா இருந்த மெஷினை எல்லாம் ஆளாளுக்கு சோதிச்சி, என்னுதும் லேசா போற மாதிரி இருக்குதுன்னு எழுத ஆரம்பிச்சாங்க. நான் கடைக்கு போன் பண்ணி மாத்திக் குடுக்கணும்னு சொன்னேன். கூரியர்ல ஆள் அனுப்பறோம், செய்யறப்பவே வந்த கோளாறா இருந்தா வேற புதுசு தர்றோம்னாங்க.

கூரியர் வர வேண்டிய அன்னிக்கு, வீடு திரும்பற பஸ்ல குரூப்பைப் பார்த்தேன். மெஷினோட காத்து வர்ற ஓட்டையில ஒரு மாதிரி பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது, எல்லாருக்கும் அப்படியான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. நானும் மூக்குகிட்ட வெச்சி மோந்து பார்த்தேன். என்னுதுல கமகமன்னு சந்தன வாசனை வருதேன்னு பெருமையா எழுதினேன். இந்தியாவுக்கு வந்த பேட்ச்ல வாசனை போட்டிருப்பாங்களோன்னு ஒருத்தர் சந்தேகப்பட்டாரு. அதைப் படிச்சப்பதான் எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்துது. இடது ஸ்டிக்கைச் சாய்ச்சி உள்ள எட்டிப் பார்த்தேன். அடியில சந்தனம் மஞ்சளா காஞ்சி போயிருந்துது, ஓரத்துல குங்குமம்.

சாமந்திப் பூவுக்கு அடியில இன்னா நடந்துதுன்னு இப்பத்தான் புரியுது.

மெஷின் போச்சேன்னு நான் அழல. அத்தையை நினைச்சாத்தான் பயமா இருந்துது. தறியில பாவுல ஒரு இழை அறுந்தாலும், பூஜைல நான் இன்னா குறை வெச்சேனோன்னு ரெண்டு நாள் சரியா சாப்பிடாதவங்க. தன் கையால வெச்ச சந்தனமே கெடுத்துட்டுதுன்னு தெரிஞ்சா உடைஞ்சி போயிடுவாங்க. அப்புறம் என் சாமான் எதையும் தொடவே மாட்டாங்க, அடுத்த வருஷம் அந்த வரிசைல எனக்கு இடமும் இருக்காது. கூரியரை வரவேணாம்னு சொல்லிடலாமான்னு யோசிச்சிகினே தெருவுல திரும்பினா, அவரு எங்க வாசல்லயே நிக்கிறாரு. அத்தை அவருக்கு மோர் குடுத்துகினு இருக்காங்க.

வீட்டுக்காரர் வயசு இருக்கும் அவருக்கு. மோர் சொம்பைக் கீழ வெச்சிட்டு, மெஷினைக் கையில வாங்கினாரு. போனைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியா படிச்சாரு. கீழ விழுந்துதா? இல்லைங்கன்னேன். தண்ணி பட்டுதா? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அத்தை முந்திக்கினாங்க.

"தண்ணி எல்லாம் படல தம்பி. சந்தனம்தான். அதையும் கெட்டியாத்தான் கரைச்சேன்."

அவரு என்னைப் பார்த்தாரு. நான் தெருவைப் பார்த்தேன். எந்த இடத்துலம்மான்னு மெதுவா கேட்டாரு. அந்த ரெண்டு குச்சியும் கண்ணு மாதிரி இருந்துது, அது மேல வெச்சேன், மறுநாள் ஈரத்துணியால நல்லா அழுத்தித் துடைச்சேன்னு அத்தை விரலால சுத்திக் காட்டினாங்க. அவரு போனைக் கீழ இறக்கிட்டாரு. உள்ள தறிச் சத்தமும் நின்னு போச்சு.

அத்தை ஒண்ணும் தெரியாதவங்க இல்ல. மெஷினைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. மூஞ்சி சின்னதா போயிட்டுது.

"அப்ப நான்தான் கெடுத்துட்டனா?"

நான் மெஷினை அவரு கையிலேருந்து வாங்கிக்கினேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. மெஷின் நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் ஆடத் தெரியல."

பாலத்தைத் தாண்டினவ வாயால இதைச் சொல்றதுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துதுன்னு அந்த குரூப்புல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். கேன்சல் போட்டுடட்டுமான்னு கூரியர்காரர் கேட்டாரு. போட்டுடுங்கன்னேன்.

அத்தைக்கு உயிர் திரும்பி வந்துது. மூச்சை விட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கினு, காலி சொம்பைக் கையில எடுத்தாங்க.

"உனக்கு ஆடத் தெரியலன்னு நீ வாங்கின அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டேன்"னாங்க. "சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னுதான் சும்மா இருந்தேன்."