‘கேம் 2’ என்றொரு ஸ்டிக்கர்

ஒரே ஒரு பட்டன்தான். ‘சரி’ என்று திரையில் கேட்டது. அமுக்கிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்த காரியம் இது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. போன் அடித்தால் திடுக்கிடுகிறேன். இந்த வாரம் வேறு விஷயம் எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் கை இங்கேயே வந்து நிற்கிறது. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

என் வீட்டில் ஒரு பழைய கேம் கன்சோல் இருக்கிறது என்பது இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவன் டிவி முன்னால் உட்கார்ந்து ஃபுட்பால் ஆடுகிறானே என்று சிரித்து மெயில் போட்டவர்களும் உண்டு. சிரியுங்கள். தேனியில் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் வேறு என்னதான் செய்வது?

அந்தக் கன்சோலுக்கு வயதாகிவிட்டது. டிஸ்க் போடுகிற வாய் வேலை செய்யவில்லை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகள் அலமாரியில் அடுக்கிக் கிடக்கின்றன, ஒன்றையும் உள்ளே வாங்க மாட்டேன் என்கிறது. போடியில் இருக்கும் என் சிநேகிதன் செல்வம்தான் அதற்கு ஒரு வழி செய்தான். ஹோம்ப்ரூ என்று பேர் சொன்னான். கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, ஊரில் இருக்கும் கெட்டிக்காரர்கள் எழுதிய மென்பொருளை உள்ளே ஓட விடுவது. கிட்டத்தட்ட வீட்டுக் கஷாயம் மாதிரி. கேட்கும், ஆனால் டாக்டரிடம் சொல்லக்கூடாது.

சரி, டிஸ்க்கில் இருந்த கேம்களை எங்கே வைப்பது? வெளியே ஒரு டிரைவில். முதலில் சாதாரண ஹார்டு டிஸ்க் வைத்தோம். ஒரு ஆட்டம் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். அதனால் வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புத் துண்டு, என்னமாய்ப் பறக்கிறது தெரியுமா?

ஆனால் நிம்மதி போய்விட்டது. ஹோம்ப்ரூ கன்சோலுக்கு எல்லாமே கண்டம். கரண்ட் போனால் கண்டம் — மறுபடி முதலில் இருந்து எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும். தெரியாமல் அப்டேட் ஆகிவிட்டால் கண்டம் — பழையபடி பூட்டிக்கொள்ளும். கேபிள் லேசாக ஆடினால், டிரைவ் பாதியில் கழன்றால்… ஃபுட்பால் ஆடுவதைவிட ஒயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். பொழுதுபோக்கு என்று பேர்.

இங்கே இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். என் மனைவியின் தங்கை வனஜா. உத்தமபாளையத்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கல்யாணம், காது குத்து, வளைகாப்பு என்று பள்ளத்தாக்கு முழுக்க அலைகிறாள். எந்த எஸ்எஸ்டி வாங்கலாம் என்று அவளிடம்தான் கேட்டேன். அவள் தன்னிடம் இருப்பதையே சொன்னாள். அதே கம்பெனி, அதே கறுப்பு. ஆக, அவளுடையதும் என்னுடையதும் இரட்டைப் பிள்ளைகள்.

மாறிப்போய்விடக்கூடாதே என்ற பயத்தில் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ‘ஸ்டிக்கர் ஒட்டு. அதையும் தமிழில் எழுது. எதற்கெடுத்தாலும் இங்கிலீஷா?’ என்று ஒரு குட்டிச் சொற்பொழிவே நடத்தினேன். செல்வத்திடமும் அதே சொற்பொழிவு. என் டிரைவில் அழகாக ‘கேம் 1’ என்று எழுதி ஒட்டினேன். அது நிறைந்துவிட்டதால், இரண்டாவது ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் செல்வம் சொல்லியிருந்தான்.

ஞாயிறு மதியம் வெளியே போய்விட்டு வருகிறேன். டிவி மேஜையில் புதுசாக ஒரு கறுப்புத் துண்டு. மேலே ஸ்டிக்கர். தமிழில், ‘கேம் 2.’

பரவாயில்லையே, செல்வம் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டானே என்று பூரித்துப்போனேன். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டேனா? நேராகக் கன்சோலில் சொருகினேன்.

‘இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும். உள்ளே இருப்பது அனைத்தும் அழிந்துவிடும்’ என்றது திரை. புது டிரைவ் என்றால் அப்படித்தானே கேட்கும்? முதல் டிரைவுக்கும் இதையேதான் கேட்டது. சரி. இன்னொரு தடவை ‘நிச்சயமாகவா?’ என்றது. அதற்கும் சரி. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. வேகமான டிரைவ் அல்லவா… அழிவதும் வேகம்.

ஃபுட்பால் கேமை அதில் ஏற்ற ஆரம்பித்தேன். பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தபோது போன். வனஜா.

“மச்சான், சாப்பிட வந்தப்ப டிவி மேசையில ஒரு டிரைவ வச்சுட்டு வந்துட்டேன். அங்கன இருக்கா?”

“எந்த டிரைவ்?”

“நீங்க சொன்ன மாதிரி தமிழ்லதான் எழுதி ஒட்டியிருக்கேன். கேம் டூ. ரெண்டாவது கேமராவுல எடுத்தது.”

கேமரா. கேம். அவள் ஸ்டுடியோ பாஷையில் முதல் கேமரா கேம் ஒன், இரண்டாவது கேம் டூ. நம் எழுத்தில் இருப்பது ஒரே ஒரு க. கேமராவுக்கும் அதுதான், விளையாட்டுக்கும் அதுதான். இங்கிலீஷில் எழுதியிருந்தால் முதல் எழுத்திலேயே பிரிந்திருக்கும். என் தமிழ்ப் பற்று என்னை வைத்துச் செய்துவிட்டது.

“இருக்கு” என்றேன். பொய் இல்லை. டிரைவ் இருந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

“பத்திரமா வைங்க மச்சான். ஜெயமங்கலத்துக் காதணி விழா. கேமரா கார்டையெல்லாம் அழிச்சு இங்கன இன்னொரு விசேசத்துக்குக் கொண்டுவந்துட்டோம். அதுல மட்டுந்தான் இருக்கு.”

ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய வேகத்தில் கன்சோலே மேஜையிலிருந்து கீழே வரப் பார்த்தது. உடனே செல்வத்துக்குப் போன். முழுக்கச் சொன்னேன்.

“மாப்ள, இனிமே அதத் தொடாத” என்றான். “ஃபார்மட் பண்ணா அட்டவணைதான் போகும், சரக்கு கொஞ்ச நேரம் அங்கனதான் கிடக்கும். ஆனா நீ மேல கேம ஏத்திட்டியே. அது எதும் மேல ஏறி உக்காந்துச்சோ… அதான் தெரியல.”

பைக்கில் கிளம்பி வந்தான். பேட்டரி செத்த தன் லேப்டாப்பில் மாட்டி ஒரு மென்பொருளை ஓட விட்டான். அது டிரைவை ஓரத்திலிருந்து தடவித் தடவித் தேடுகிறது. வெளியே காற்று. இந்தக் காற்றுக்கு எங்கள் தெருவில் கரண்ட் நிற்காது. கரண்ட் போகக்கூடாது, லேப்டாப் தூங்கிவிடக்கூடாது, யாரும் மேஜையை இடித்துவிடக்கூடாது. எழுந்து வந்த மனைவி விஷயம் தெரிந்ததும் ஜன்னல்களைச் சாத்தப் போனாள்.

மறுநாள் அதிலிருந்து மீண்ட வீடியோக்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நகை என்று நினைத்திருப்பார்.

வனஜாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அதுல என்ன இருக்குன்னு தெரியுமா மச்சான்? மாமன் சீரு.”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காது குத்துக்குப் பிள்ளையின் தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு மேளம் முழங்கத் தெருவில் நடந்து வருவார். விழாவே அதுதான். வீடியோவில் பந்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாமன் சீர் இல்லாவிட்டால் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. பிள்ளையின் அம்மா இந்திராணிக்கும் அவருடைய அண்ணனுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. கிணற்றுப் பங்கில் வந்த சண்டை. எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்களாம். பத்திரிகையைக்கூட வேறு ஆள் மூலமாகத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார் இந்திராணி. வருவாரா மாட்டாரா என்று ஊரே பார்த்திருக்கிறது. மனிதர் சீரோடு வந்துவிட்டார். முதல் கேமரா மண்டபத்துக்குள். அவர் வந்ததை எடுத்தது இரண்டாவது கேமரா மட்டும்.

“அந்தக்கா ஓயாம போன் பண்றாக. மத்தது மெதுவா வரட்டும், அண்ணன் வர்றத மட்டும் மொதல்ல காட்டுங்கிறாக. நான் என்னத்தக் காட்ட?”

கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தட்டுகள் வருகின்றன. மேளக்காரர்கள் வருகிறார்கள். வேட்டு வெடிக்கிறது. எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. கூட்டம் விலகுகிறது, வெள்ளை வேட்டியில் ஒருவர் நெருங்கி வருகிறார் — படம் பச்சைக் கட்டம் கட்டமாக உடைந்து, இருட்டாகிவிட்டது. தனி ஃபைலாகப் பதிவாகியிருந்த சத்தம் மட்டும் ஓடியது. அடுத்து படம் வருவது அவர் மண்டபத்துக்குள் உட்கார்ந்த பிறகுதான்.

சரியாக அந்த இடத்தில்தான் என் ஃபுட்பால் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கார்டு கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று நான் முனகினேன். வனஜா என்னைப் பார்த்த பார்வைக்கு அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று மதியமே இந்திராணி வந்துவிட்டார். நானே சொன்னேன். கன்சோல், ஃபார்மட், கேம், கேம்… எவ்வளவு புரிந்ததோ. “அண்ணன் வர்றது போயிருச்சா?” என்று மட்டும் கேட்டார். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“சத்தம் இருக்குக்கா” என்றாள் வனஜா. “படந்தான் இல்ல.”

“சத்தத்தையாச்சும் போடு, கேப்போம்.”

இருட்டுத் திரை. மேளம் காதைப் பிளந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது முன்னால் நகர்ந்து போக, கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஆண் குரல். தாழ்ந்த குரல். திரையில் வேட்டியும் தட்டும் பந்தலும் ஓடிக்கொண்டிருந்தால் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

“ஏ புள்ள, அந்தா வாசல்ல நிக்கிறாளா பாரு.”

“கூட்டமா இருக்கு, தெரியலையே” என்றது ஒரு பெண் குரல். அவர் மனைவியாக இருக்கும்.

“நிக்கலைன்னா தட்ட இங்கன யார்ட்டயாச்சும் குடுத்துட்டு இப்படியே திரும்பிருவோம். என்னால உள்ள போய் நிக்க முடியாது.”

அப்புறம் செருப்புச் சத்தம். நடந்திருக்கிறார். மறுபடி மேளம்.

இந்திராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

“ஆத்தா, இன்னொருக்க போடு.”

வனஜா போட்டாள். இன்னொரு முறையும் போட்டாள்.

“நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தாகளேன்னு நெனச்சேன்” என்றார் இந்திராணி. “இவுகளும் பயந்துக்கிட்டுத்தான் வந்திருக்காக. நான் விடிஞ்சதுல இருந்து வாசல விட்டு அசையல. பிள்ள அழுகுதுன்னு வந்து கூப்புட்டாக, அப்பயும் போகல. வந்து, என்னக் காணோம்னு திரும்பிருவாகளோன்னு.”

வனஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொழிலுக்குத் திரும்பினாள்.

“அக்கா, இருட்டா இருக்குற எடத்துல போட்டோ எதையாச்சும் வச்சு மறச்சுரவா?”

“வேணாத்தா. அப்படியே இருக்கட்டும். மேளத்தக் கொறச்சு அண்ணன் பேசுறதக் கூட்டி வையி. அவுக வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. நானே கொண்டு போறேன்.”

ஆகவே, எப்போதாவது ஜெயமங்கலத்தில் யார் வீட்டிலாவது அந்தக் காதணி விழா வீடியோவைப் பார்க்க நேர்ந்து, ஓரிடத்தில் திரை இருட்டானால் — தயவுசெய்து டிவியைத் தட்டாதீர்கள்.