கொடி இல்லாத காரில் வந்தவர்

தேநீர்த் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தால், விருந்தாளி எழுந்து நின்று எனக்குக் குனிந்து வணக்கம் வைக்கிறார். மலாய் நாட்டில், ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பத்து வருஷத்துக்கு மேல் சமைத்தவள் நான். எந்தத் துரையும் எனக்காக நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. பயந்துபோய்க் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மணியம் சிரித்தார். “பயப்படாதக்கா. தைவான்காரரு. ஓட்டுக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்லா. அவங்க ஊரு பார்லிமெண்டுல இருந்தவரு, இப்போ தூதரு. ஆனா நம்ம கவர்மெண்டு அந்த நாட்ட ஒத்துக்கல. அதான் கார்ல கொடி கிடையாது.” முதலில் ஊர்ச் சபை, அப்புறம் பார்லிமெண்டு, அப்புறம் தூரத்து நாடொன்றில் தூதர். அந்த நாடும் உறவை முறித்துக்கொள்ள, கொடியைத் தன் கையாலேயே இறக்கி மடித்து எடுத்துக்கொண்டு வந்தாராம். இப்போது கோலாலம்பூரில் வியாபார ஆபீஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறாராம்.

எனக்கு என் சிவப்பு அட்டை நினைவுக்கு வந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை, எங்களைப் போன்றவர்களுக்குச் சிவப்பு. நான் ஆத்தூர்ப் பக்கம் பிறந்து, அம்மா இடுப்பில் கப்பலேறி வந்தவள். மகள் பூங்கோதை இங்கே பிறந்தவள், அவளுக்கு நீலம். வேலை பெர்மிட் கிடைக்காமல் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்தே மூன்று குடும்பங்கள் திரும்பிப் போயின. என்னையும் அனுப்பிவிட்டால் ஆத்தூரில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

நீல அட்டைக்குக் கிராணி எழுதிக் கொடுத்த மனு என்னிடம் இருந்தது. பெரிய மனிதர் கையெழுத்து விழுந்தால் நடக்கும் என்று நம்பி, மறுநாள் காலை தட்டோடு அதையும் வைத்தேன். மனு வாங்கிப் பழகிய கையல்லவா, உடனே பேனாவைத் திறந்துவிட்டார். பிறகு மெதுவாக மூடினார்.

“நாமா சாயா, சினி தா லாக்கு,” என்றார். தன் பெயர் இங்கே செல்லாதாம். என்னைத்தான் வேண்டாம் என்கிறாரோ என்று நான் தாளை எடுக்கப் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நீல அட்டைக்கு ஆபீசில் மலாயில் கேள்வி கேட்பார்கள், அதற்கு என்னைப் பழக்க மலாய்ப் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அவர் ஆபீசராகக் கேட்பார், நான் பதில் சொல்வேன். அவர் மலாய் என்னுடையதைவிட மோசம். “காம்போங் மானா?” எந்த ஊர் என்று கேட்டார். பதிலுக்கு நான் அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டேன். அவர் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பிறகு தானா ராத்தா ஊரில், நீல அட்டை கொடுக்கும் ஆபீசில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் “காம்போங் மானா?” என்றார்கள். ஆத்தூர் என்று வந்துவிட்டது. தோட்டத்துப் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அதனால்தானா, தெரியாது. மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அதற்குள் அந்தத் தைவான்காரரையும் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே காரில் கொடி இருந்ததா என்று கிராணிக்கும் தெரியவில்லை.

சில வருஷம் கழித்துப் பூங்கோதைக்கு முதல் ஓட்டு. பள்ளிக்கூடத்து வாசலில், ஓட்டு உள்ளவர்கள் மட்டும் உள்ளே போகக் கயிறு கட்டியிருந்தார்கள். அவள் உள்ளே வரிசையில் நின்றாள், நான் வெளியே. மழை தூறியது. “நீ நனையிறமா, போ,” என்றாள். நான் குடையைக் கயிற்றுக்கு மேலே நீட்டி அவள் தலைக்குப் பிடித்தேன். வரிசை நகர்ந்தது. கை எட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.