வரிக்கு வரி ஒரு டிக்

என் அக்காவுக்கு போன் வாங்கப் போன அன்று கடையில் முழுசாக மூன்று மணி நேரம் நின்றேன். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் இத்தனை வருடம் திட்டு வாங்கியும் பொறுமை மட்டும் வந்து சேரவில்லை. "கேமரா பாருங்க மேடம்" என்று விற்பனைப் பெண் ஆரம்பித்ததுமே அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போட்டோவுல நான் என்னிக்குமே நல்லா விழுந்ததில்லம்மா. கர்சர் எங்க நிக்குதுன்னு என் கண்ணுக்குத் தெரியணும். அதைக் காட்டு."

அக்கா ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருடமாக மெய்ப்புப் பார்ப்பவள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துகிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அங்கே அவளுக்குப் பெயரே 'சிவப்புப் பேனா'. மற்றவர்கள் தப்பை மட்டும் குறிப்பார்கள். இவள் தப்பில்லாத வரிக்கும் ஓரத்தில் ஒரு டிக் போடுவாள். படிக்காமல் தாண்டிவிட்டாள் என்று ஒருவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதாம். சந்தேகம் வந்தால் டிக் கிடையாது. கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் 'எழுதியவரைக் கேட்க' என்று குறித்து வைப்பாள். ஒருமுறை அவள் அலுவலகக் கட்டடத்தில் நான் ஒட்டிவைத்த 'லிஃப்ட் ஓடாது' அறிவிப்பையும் விடவில்லை. 'எத்தனை மணி வரை? எழுதியவரைக் கேட்க.' எழுதிய நானோ அப்போது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆறு மாதமாகத்தான் மறதி. ஒரே அத்தியாயத்தை இரண்டு தடவை திருத்தி அனுப்பினாள். வீடு திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரை போய் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். "செய்ய வேண்டியதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைங்க, ரெண்டு இடம் வேணாம்" என்றும் சொன்னார். என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினேன். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. பத்தொன்பது வயதில் வேலைக்குப் போய் என்னை ஆளாக்கியவள் அவள். அவள் மசியவில்லை.

"வேலையும் போயி வீடும் போச்சுன்னா அப்புறம் நான் யாருடா? உன் வீட்டு மூலையில ஒரு பொட்டலம்."

கடைசியில் ஒரு மாதம் என்று பேச்சு. வீட்டிலிருந்தே பக்கம் திருத்துவது, அன்றாட வேலைப் பட்டியல், இரண்டும் ஒரே போனில். பட்டியல்படி நடந்தால் அவள் வீட்டுக்கு அவள் ராணி. நடக்காவிட்டால் வாயைத் திறக்காமல் பெட்டியைக் கட்ட வேண்டும்.

அதனால்தான் அந்த மூன்று மணி நேரம். ஒவ்வொரு போனிலும் ஒரே பத்தியை அடித்துப் பார்த்தாள். ஒன்றில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கலாக இருக்கிறது என்று ஒதுக்கினாள். இன்னொன்று அவள் அடிக்க அடிக்கத் தானாக வேறு சொல்லைப் போட்டது. "திருத்துறது நானா, இதுவா? முதல்ல அதை முடிவு பண்ணு" என்று அதனோடு சண்டைக்கே போய்விட்டாள். விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே அந்த வசதியை அணைத்துக் கொடுத்தாள். பெரிய திரை, தெளிவான எழுத்து, அதுவே முடிவானது. அப்புறம் தனி கீபோர்டு. மடக்குகிற வகையில் நடுப்பிளவில் விரல் தடுக்குகிறதாம். தட்டினால் நன்றாகக் கீழே இறங்கி 'டக்' என்று சத்தம் போடுகிற சின்னது ஒன்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "இது பதில் சொல்லுதுடா" என்றாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்தி, முன்னால் கீபோர்டை வைத்தோம். பட்டியலை நான்தான் அடித்தேன். 'காலை மாத்திரை சாப்பிட வேண்டும்.' 'அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.' 'மூன்று பக்கம் திருத்தி மேலாளருக்கு அனுப்ப வேண்டும்.' 'ஞாயிறு காலை தம்பி வருவான்.' ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கட்டம். தொட்டால் டிக் விழும், ராத்திரியில் தானாக அழிந்துவிடும். அதே பட்டியல் என் போனிலும் தெரியும்.

மறுநாள் காலை எட்டரைக்குள் அன்றைய வேலை அத்தனைக்கும் டிக் விழுந்துவிட்டது. தினமும் அப்படியே. லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பேன். எட்டரை மணிக்கே மூன்று பக்கம்! இந்த வயதில் இப்படி ஒரு சுறுசுறுப்பா என்று கூட வேலை செய்பவனிடம் பெருமையடித்துக்கொண்டேன். முதல் இரண்டு ஞாயிறும் போனேன். எப்போதும்போல என் சட்டை அழுக்கைச் சொல்லித் திட்டினாள். மூன்றாவது ஞாயிறு அவசர வேலை, போக முடியவில்லை. ஞாயிறு வரியில் மட்டும் டிக் விழாமல் இருந்தது. நான்தானே போகவில்லை, எப்படி விழும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது ஞாயிறு காலையில் பதிப்பக மேலாளர் கூப்பிட்டார்.

"பத்து நாளா ஒரு பக்கம்கூட வரலைங்க. அவங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

ஓடினேன். அக்கா கதவைத் திறந்து, "வாங்க, உட்காருங்க" என்றாள். போன வாரம் வராத கோபத்தில் வேண்டுமென்றே மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. அடுப்பில் ஒரு பாத்திரம் அடி கருகி இருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"பொய் டிக் போட்டு யாரை ஏமாத்துற? என்னையா, உன்னையேவா?"

அவள் முகம் வெளிறிப்போயிற்று. அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். மேசையிலிருந்து போனை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"பொய் இல்லீங்க. வரிக்கு வரி படிச்சுட்டேன். ஒரு தப்புகூட இல்ல. அதான் டிக் போட்டிருக்கேன்."

"மாத்திரை சாப்பிட்டியா?"

"அந்த வரியும் சரியாத்தாங்க இருக்கு."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பட்டியல் என்று நினைத்து, அவளுக்குத் திருத்தத்தான் கொடுத்திருக்கிறேன். பாவி, அவளும் ஒரு நாள் தவறாமல் திருத்திக் கொடுத்திருக்கிறாள். வீடும் வேலையும் அந்த டிக்குகளோடு போய்விட்டன என்று புரிந்தது. இனி பெட்டியைக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிக் இல்லாத ஒரே வரி ஞாயிற்றுக்கிழமை வரி. அதைத் தொட்டேன். கீழே ஒரு குறிப்பு திறந்தது. போன வாரத் தேதி. இத்தனை நாளும் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

'தம்பி? யார் இவர்? எழுதியவரைக் கேட்க.'

கொஞ்ச நேரம் எனக்கு எழுத்தே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தேன்: 'நான்தான் அக்கா உன் தம்பி. எழுதியவனும் நான்தான்.'

போனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரியின் கீழே விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன்.

"இப்ப சரியா இருக்குங்க" என்று சொல்லி, டிக் போட்டாள்.