யூதாஸின் முகவாய்

எனக்கு முகவாய் கிடையாது. முற்றாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. கீழ் உதட்டுக்குப் பிறகு ஏதோ கொஞ்சம் இருந்தது, அதுவும் பயந்துபோய்க் கழுத்துக்குள் பின்வாங்கி நின்றது. எங்கள் பேச்சில் இந்த இடத்துக்கு நாடி என்று பெயர். யோசிக்கும்போது மற்றவர்கள் நாடியில் கை வைப்பார்கள். நான் வைத்தால் கை வழுக்கித் தொண்டையில் போய் நிற்கும்.

இதனால் எனக்கு வந்த பெரிய இடைஞ்சல், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்தான். மொன்றியலில் எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலம் வந்தால் ஆண்டவரின் சிலுவைப் பாடுகளை நாடகமாகப் போடுவோம். நாடகத்தை நடத்துகிற அண்ணை முதல் வருடம் ஒத்திகைக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். என் முன்னால் வந்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

"தம்பி, நீர் யூதாஸைச் செய்யும். மேக்கப் தேவைப்படாது," என்றார்.

அடுத்த வருடம் நான் வாய்விட்டுப் பேதுருவைக் கேட்டேன். "பேதுருவெண்டா பாறை. உம்மட நாடியைப் பார்த்திட்டுப் பாறையெண்டு ஆர் நம்புவினம்?" என்றார். தாடி வளர்த்துப் பார்த்தேன். அது வறட்சிக்காலத்துப் புல்லைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. இப்போதுதான் பாத்திரத்துக்கு இன்னும் பொருத்தம் என்று அண்ணை சந்தோஷப்பட்டார்.

நாடகத்தோடு முடிந்தால் பரவாயில்லை. பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டினால், முன் வரிசை வாங்கில் இருக்கும் ஒரு அம்மா செபமாலையோடு கைகளை மடிக்குள் இழுத்துக்கொள்வார். பூசை முடிந்து பொரித்த ரோல்ஸ் பரிமாறுகிறவர்கள் எனக்கு மட்டும் வெடித்ததாகப் பார்த்து எடுத்துப் போடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நான் யூதாஸ் மாமா. நானும் கூடவே சிரிப்பேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் நாடியைக் கையால் மறைத்துப் பார்ப்பேன்.

அப்படியான ஒரு நாளில்தான், பல் வைத்தியரின் காத்திருக்கும் அறையில், ஒரு சஞ்சிகையில் அந்தப் படத்தைக் கண்டேன். இடப்பக்கம் என்னைப் போல ஒரு மனிதன். வலப்பக்கம் அதே மனிதன், நாடியோடு. எலும்புக்கு மேல் ஒரு சிலிக்கோன் துண்டை வைத்துத் தைத்துவிடுகிறார்களாம். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

மனைவி சப்பாத்தி போட்டுக்கொண்டே கேட்டாள். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆருக்கு நாடி காட்டப் போறீங்கள்? வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விடாதேங்கோ." நான் விடுவதாக இல்லை. காயம் ஆறும்வரை மறைப்பதற்கு இதைவிட வாய்ப்பான நகரம் உலகத்தில் கிடையாது. வருடத்தில் பாதி நாள் இங்கே எல்லோரும் மூக்குவரை சால்வை சுற்றிக்கொண்டுதான் திரிகிறார்கள்.

பாஷைதான் பிரச்சினை. நான் துறைமுகத்தில் கொண்டெய்னர் ஏற்றுகிற லொறி ஓட்டுகிறேன். என் பிரெஞ்சு துறைமுகத்துப் பிரெஞ்சு. வலப்பக்கம், இடப்பக்கம், பின்னுக்கு எடு, பொறு. அதை வைத்துக்கொண்டு முகத்தை வெட்டக் கொடுக்க முடியாது. ஆங்கிலம் அதைவிட மோசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள்தான், ஆனால் எனக்குத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் பங்கின் பாடகர் குழுவில் இருப்பவர், மற்றவர் நாடக அண்ணையின் மச்சான். ஆகவே எங்களில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இங்கே வளரும் எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு மொழிபெயர்க்கப் பழகிவிடுகிறார்கள். வாடகை வீட்டுக்காரன், வரி கட்டும் கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் வாய். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை மகளைப் பற்றி மூச்சுவிடாமல் முறையிட்டபோதும் மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள், தான் மிகவும் கெட்டிக்காரியாம் என்று.

கிளினிக் நகரத்தின் மேற்கு ஓரத்தில், கர்க்லாண்ட் பக்கம் இருந்தது. நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேலிலிருந்து காரில் போகும் வழியெல்லாம் என் சந்தேகங்களை ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஓம், ஓம் என்றாள்.

டொக்டரின் நாடி மேசை ஓரம்போலச் சதுரமாக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"முதல் கேள், தும்மினா அந்தத் துண்டு இடம் மாறுமோ? விமான நிலையத்து மெசின் கத்துமோ? ஜனவரியில துறைமுகத்தில நிண்டா உள்ளுக்குக் கட்டியாகிப் போகுமோ?"

மகள் இரண்டே சொல்லில் எதையோ கேட்டாள். டொக்டர் நீளமாகப் பேசினார், ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தும் காட்டினார். அவித்த கணவாய்த் துண்டைப் போல மெத்தென்று இருந்தது.

"அசையாதாம். கத்தாதாம். உடம்புச் சூட்டிலதானாம் இருக்கும்," என்றாள் மகள்.

"இவ்வளவு நேரமும் அதையே சொன்னவர்?"

"மிச்சம் தேவையில்லாதது அப்பா."

தேவையில்லாதது என்ன என்று துருவிக் கேட்டேன். கீழ் உதடு கொஞ்சக் காலம் உணர்ச்சியில்லாமல் விறைத்திருக்கலாம், மிக அரிதாகச் சிலருக்கு அது போகாமலும் விடலாம், கிருமி பிடித்தால் துண்டைத் திரும்ப எடுக்கவேண்டி வரும். இதெல்லாம் தேவையில்லாததாம். நண்டுக்கால் கடிக்கலாமா என்று கேட்கச் சொன்னேன். அதை அவள் கேட்கவே மாட்டேன் என்றாள், தனக்கு வெட்கமாம். தாடி வளருமா என்பதற்கு, இப்போது வளர்வது மாதிரியே வளரும் என்று பதில் வந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இல்லை.

பிறகு டொக்டர் பேனையைத் திறந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கட நாடியில உங்களுக்கு என்ன பிடிக்கேல்லையாம்?" என்றாள் மகள்.

இத்தனை வருடமாக யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அடைத்துக் கிடந்ததெல்லாம் அணை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. "சொல்லு, இது களவாணி நாடி. கோழையளுக்குத்தான் இப்பிடி இருக்கும். இதோட ஒருத்தரும் மதிக்க மாட்டினம். பார்க்கவே வடிவில்லை. எல்லாத்தையும் சொல்லு, ஒண்டையும் விடாதை."

அவள் ஒன்றையும் விடவில்லை. சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். டொக்டர் எழுதிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கடதாசிக்குக் குனிந்துகொண்டார். அவர் எதைப் பார்த்தார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மேசை விளக்கு வெளிச்சத்தில் அவள் பக்கவாட்டாக இருந்தாள். கீழ் உதட்டுக்குப் பிறகு ஏதோ கொஞ்சம், அதுவும் கழுத்துக்குள் பின்வாங்கி. அப்பாவை உரித்துப் படைத்த மாதிரி என்று ஆட்கள் சொல்லும்போதெல்லாம் நான் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன்.

அவள் தானாக டொக்டரிடம் ஏதோ கேட்டாள். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார்.

"நீ என்ன கேட்டனீ?"

"எனக்கு எத்தனை வயசில செய்யலாம் எண்டு கேட்டன்." காரோட்டும் லைசென்ஸ் எப்போது எடுக்கலாம் என்று கேட்பது போலத்தான் சொன்னாள். "பதினெட்டு ஆகவேணுமாம். எலும்பு வளர்ந்து முடியோணுமாம். நீங்கள் முதல் செய்யுங்கோ அப்பா. நோகுதோ எண்டு நான் பார்க்கிறன்."

அந்தக் கதிரையிலேயே செத்துப்போனால் நல்லது என்றிருந்தது.

"அப்பா செய்யேல்லை. டொக்டரிட்டச் சொல்லு."

"ஏன் எண்டு கேப்பார்."

"இது உன்ர நாடி. இதில கத்தி வைக்க நான் விடமாட்டன். அப்பிடியே சொல்லு."

"அது உங்கட முகத்திலயெல்லோ இருக்கு."

"இருந்தாலும் உன்ரதான்."

அவள் தன் நாடியில் கை வைத்தாள். "அப்ப, பார்க்கவே வடிவில்லையெண்டு சொன்னது?"

"பொய் சொல்லிப்போட்டன். அதையும் சொல்லு."

அவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, டொக்டரின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி வசனத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.